திசு பிளாக் ஒரே நாளில்: மைக்ரோவேவ் முறையில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

கேள்வி: எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் திசு தயாரிக்க எங்கள் ஆய்வகத்தில் மூன்று, நான்கு நாள் ஆகிறது. மைக்ரோவேவ் வைத்து ஒரே நாளில் முடிக்கலாம் என்கிறார்கள். வீட்டு மைக்ரோவேவ் போதுமா? திசு வெந்துபோகாதா? எத்தனை வாட், எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்?

பதில்:

முடிக்கலாம். காலையில் வந்த சிறுநீரகத் துண்டை மாலைக்குள் இறுகிய ரெசின் (பிசின்) பிளாக்காகக் கையில் எடுத்துவிடலாம். கிபர்சன், டெமரீ, நார்ட்ஹாவ்சன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட நோயறிதல் முறையே நான்கு மணி நேரக் கணக்குதான். ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. ஒரு கருவியில் சரிப்பட்ட வாட்டும் நிமிடமும் இன்னொரு கருவியில் அப்படியே பலிக்காது. கருவி மாறினாலும் மாறாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது, திசு கிடக்கும் கரைசலின் வெப்பநிலை. கீழே வாட் எண்களும் தருகிறேன். அவற்றைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உள்ளே நடப்பது என்ன? இந்தக் கருவிகள் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. மாறிக்கொண்டே இருக்கும் மின்புலத்தோடு நீர் மூலக்கூறுகள் திசைதிரும்ப முயல்கின்றன, கரைசலில் உள்ள அயனிகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. இரண்டுமே வெப்பமாகின்றன. இந்த அலையின் ஒரு ஃபோட்டானில் உள்ள ஆற்றல் ஓர் எலக்ட்ரான்வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். வேதிப் பிணைப்பை உடைக்கவோ புதிதாகக் கட்டவோ அது போதாது. புரதங்களைப் பிணைப்பது எப்போதும் போல, திசுவை நிலைநிறுத்தும் வேதிப்பொருளான ஆல்டிஹைடுதான். மைக்ரோவேவ் அதை வேகமாக உள்ளே போகவும் வேகமாக வினைபுரியவும் வைக்கிறது. வெப்பத்தைத் தாண்டி வேறு ஏதும் விளைவு உண்டா என்ற விவாதம் பழையது. வேலை செய்பவருக்கு அதில் பெரிய பயன் இல்லை; நீங்கள் அளக்கவும் அடக்கவும் முடிந்தது வெப்பம் ஒன்றுதான்.

1970இல் மேயர்ஸ் முதன்முதலில் மைக்ரோவேவால் திசுவை நிலைநிறுத்தியபோது வெப்பமே ஃபிக்ஸேட்டிவாக, அதாவது நிலைநிறுத்தியாக, இருந்தது. ஒளி நுண்ணோக்கிக்கு அது ஓரளவு செல்லும், எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குச் செல்லாது. வெந்த புரதத்தில் உட்சவ்வுகளின் அமைப்பு மிஞ்சாது. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் ஆல்டிஹைடுக் கரைசலில் திசுவைப் போட்டு, மிகக் குறைந்த நேரம் மட்டும் அலையைக் காட்டும் வழிக்கு மாறினார்கள். "திசு வெந்துபோகாதா" என்ற உங்கள் பயம் நியாயமானது. பழைய முறையில் அது வெந்துதான் போனது.

வீட்டு மைக்ரோவேவ் வேண்டாம் என்பதுதான் என் பதில். முதல் காரணம், அதில் "30 சதவீதம்" என்று வைத்தால் ஆற்றல் குறைவதில்லை. பல கருவிகளில் மேக்னெட்ரான் (அலையை உண்டாக்கும் குழல்) முழு வேகத்தில் சில விநாடி ஓடும், பிறகு நின்றுவிடும், மறுபடி ஓடும். 1 மில்லி நீரை 1 டிகிரி சூடேற்ற 4.2 ஜூல் போதும். உங்கள் குப்பி வெறும் 10 வாட்டை உறிஞ்சினாலும் 10 விநாடியில் 24 டிகிரி ஏறிவிடும். அறை வெப்பநிலையில் இருந்த கரைசல் 50 டிகிரியை நெருங்கிவிடும், நீங்கள் வைத்ததோ "குறைந்த ஆற்றல்". இரண்டாவது காரணம், அலைநீளம் சுமார் 12 செ.மீ. உலோகச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் பெட்டிக்குள் நிலை அலைகளாகி, சூடான இடமும் குளிர்ந்த இடமும் சில செ.மீ. இடைவெளியில் மாறி மாறி அமையும். சாப்பாட்டுத் தட்டுக்குச் சுழல்மேசை அதைச் சமன்செய்யும், 1 மில்லிக் குப்பிக்குச் செய்யாது. மூன்றாவதுதான் கவலைக்குரியது: திசுவை நிலைநிறுத்தவும் கறுக்கவைக்கவும் பின்னால் சேர்க்கும் ஆஸ்மியத்தின் நச்சு ஆவியை வெளியேற்றும் குழாய் அதில் கிடையாது, ஆல்கஹால் ஆவி தங்கும் பெட்டிக்குள் தீப்பொறி வந்தால் தடுக்கவும் எதுவும் கிடையாது.

ஆய்வகத்துக்கென்று செய்த கருவியில் ஆற்றல் தொடர்ச்சியாகவே குறைந்து கூடும். 100 வாட் என்றால் விட்டுவிட்டு அல்லாமல் 100 வாட்டாகவே வரும். வெப்ப உணரி, வெற்றிட அறை, வாயு வெளியேற்றி, குளிர்நீர் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு தட்டு ஆகியவையும் இருக்கும். அந்தத் தட்டுதான் இவற்றில் முக்கியம். மிச்ச ஆற்றலை அது விழுங்கிக்கொள்வதால், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் சிறு குப்பிகளுக்குச் சீரான, மிதமான பங்கே கிடைக்கும். தட்டு இல்லாத கருவியென்றால் இரண்டு பீக்கர் நீரை உள்ளே வைத்து அந்த வேலையை வாங்கலாம். அந்த நீர் சூடேறச் சூடேற உறிஞ்சும் அளவு மாறும் என்பதால் ஒவ்வொரு படிக்கும் புது நீர் ஊற்ற வேண்டியிருக்கும். சலிப்பான வேலை, ஆனாலும் விடாதீர்கள்.

கருவி வந்ததும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒன்று, உண்மையான ஆற்றல். இரண்டு பீக்கரில் தலா 1 லிட்டர் அறை வெப்பநிலை நீர் எடுத்து, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழு ஆற்றலில் 2 நிமிடம் ஓட்டி, கலக்கி, மறுபடி அளங்கள். சராசரி உயர்வை 70ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். 10 டிகிரி ஏறியிருந்தால் 700 வாட். முகப்பில் எழுதியிருக்கும் எண்ணோடு இது ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம், மேக்னெட்ரான் வயதாக ஆகக் குறையவும் செய்யும். இரண்டாவது, ஆற்றல் எங்கே விழுகிறது என்பது. ஓர் அக்ரிலிக் பலகையில் சிறு நியான் பல்புகளை வரிசையாகப் பதித்து, நீர்ச் சுமையோடு (குளிர்நீர்த் தட்டு அல்லது பீக்கர் நீர்) உள்ளே வைத்துச் சில விநாடி ஓட்டினால், புலம் வலுவாக உள்ள இடத்துப் பல்புகள் எரியும். பளிச்சென்று எரியும் இடங்களை விலக்கி, மீதியுள்ள பகுதியில் மட்டும் குப்பிகளை வைக்க அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். நீர்ச் சுமையை நகர்த்தினால் இந்த வரைபடமும் மாறிவிடும், எனவே சுமையின் இடத்தையும் சேர்த்தே குறித்து வையுங்கள்.

வெப்ப உணரியைத் திசு இருக்கும் குப்பிக்குள் விட வேண்டாம். அதே அளவு கரைசல் ஊற்றிய போலிக் குப்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதில் விடுங்கள். "அதே அளவு" என்பதோடு "அதே கரைசல்" என்பதும் சேரும். பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) உப்பு இருப்பதால் அது வெறும் நீரைவிட வேகமாகச் சூடேறும். போலிக் குப்பியில் நீர் ஊற்றிவிட்டுத் திசுவைப் பஃபரில் வைத்தால் உணரி குறைவாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

இனி திசுவுக்கு வருவோம். மைக்ரோவேவ் எதைக் குறைத்தாலும் துண்டின் அளவைப் பற்றிய விதியைத் தளர்த்தாது. குறைந்தது ஒரு பக்கமாவது 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், அரை மி.மீ. என்றால் இன்னும் நல்லது. ஆஸ்மியம் மிக மெதுவாகவே உள்ளே போகும், போகப் போக முன்னால் கறுத்துப்போன அடுக்கே அதைத் தடுக்கவும் செய்யும். ஃபிக்ஸேட்டிவ் துளியில் திசுவை வைத்து, புது பிளேடால் ஒரே இழுப்பில் அரியுங்கள், அழுத்தி நறுக்காதீர்கள். உடலிலிருந்து எடுத்ததற்கும் ஃபிக்ஸேட்டிவுக்கும் இடையில் போன நிமிடங்களை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

விலங்குத் திசுவுக்கு வழக்கமான ஃபிக்ஸேட்டிவ்: 2.5 சதவீதக் குளூட்டரால்டிஹைடு, 2 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு, 0.1 மோலார் சோடியம் காக்கோடிலேட் பஃபர், பிஎச் 7.2 முதல் 7.4 வரை. ஃபார்மால்டிஹைடு வேகமாக உள்ளே போய் மெதுவாகப் பிணைக்கும். குளூட்டரால்டிஹைடு மெதுவாகப் போய் இறுக்கமாகப் பிணைக்கும். இரண்டையும் சேர்ப்பது அதனால்தான். குப்பிக்கு 1 மில்லி போதும். 150 வாட்டில் 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நிறுத்தம், 1 நிமிடம் ஓட்டம் வையுங்கள், பாதரசக் கணக்கில் சுமார் 20 அங்குல வெற்றிடத்தோடு. நிறுத்தும் நிமிடம் கரைசல் ஆறுவதற்கானது, அதை நேர விரயமென்று எண்ணி வெட்டிவிடாதீர்கள். இந்தப் படியில் போலிக் குப்பி 37 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள், 40 என்பதே கடைசி எல்லை. தாண்டினால் ஆற்றலைக் குறையுங்கள், அல்லது பனிக்கட்டியில் குளிரவைத்த கரைசலோடு தொடங்குங்கள். முடிந்ததும் ஐந்து நிமிடம் மேசையில் அப்படியே இருக்கட்டும்.

பிறகு பஃபரில் மூன்று முறை கழுவல், ஒவ்வொன்றும் 150 வாட்டில் 40 விநாடி, வெற்றிடம் வேண்டாம். இங்கே சோம்பல்பட்டால் பின்னால் தெரியும். தங்கிய குளூட்டரால்டிஹைடு ஆஸ்மியத்தோடு சேர்ந்து, வெட்டு முழுவதும் நுண்ணிய கறுப்புப் பொடியாக நிற்கும்.

அடுத்தது ஆஸ்மியம் டெட்ராக்சைடு, பஃபரில் 1 சதவீதம். 100 வாட்டில் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நிறுத்தம், 2 நிமிடம் ஓட்டம், வெற்றிடத்தோடு. கரைசலை ஊற்றிவிட்டுப் புதியதை விட்டு இதே சுழற்சியை இன்னொரு முறை செய்யுங்கள். கரைசல் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். பழுப்போ ஊதாவோ தட்டியிருந்தால் அது செத்துவிட்டது, வெப்பத்தால் அதை உயிர்ப்பிக்க முடியாது. ஆஸ்மியம் டெட்ராக்சைடு சுமார் 40 டிகிரியிலேயே உருகும் பொருள், அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும், அந்த ஆவி கண்ணின் கருவிழிப் படலத்தையும் திசுவைப் போலவே நிலைநிறுத்திவிடும். சூடாக்கினால் ஆவி கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெளியேற்றியும் வெற்றிடப் பம்பின் போக்குக் குழாயும் புகைப்பேழைக்குள் திறக்க வேண்டும். ஓட்டம் முடிந்த உடனே கதவைத் திறக்காதீர்கள். வெளியேற்றி ஒரு நிமிடமாவது இழுக்கட்டும். மூடியை இறுக்கி ஓட்டவும் கூடாது, அழுத்தம் ஏறிக் குப்பி தெறிக்கும்.

ஆஸ்மியத்துக்குப் பின் பஃபரைவிட்டு வெறும் காய்ச்சிவடித்த நீரில் மூன்று முறை கழுவுங்கள். அடுத்து வரும் சாயமான யுரேனைல் அசிட்டேட், பாஸ்பேட்டோடும் காக்கோடிலேட்டோடும் சேர்ந்து வீழ்படிவாகும் என்பதால் இந்த மாற்றம். பிறகு நீரில் கரைத்த 1 முதல் 2 சதவீத யுரேனைல் அசிட்டேட், 100 வாட்டில் ஆஸ்மியத்துக்குச் சொன்ன அதே சுழற்சி ஒரே ஒரு முறை. மீண்டும் நீர்.

நீர்நீக்கத்தில் பேச அதிகம் இல்லை: எத்தனால் 50, 70, 90, பிறகு 100 மூன்று முறை, ஒவ்வொன்றும் 150 வாட்டில் 40 விநாடி. கடைசி 100 புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்து வரட்டும், ஆல்கஹால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இந்தப் படிகளை "பாதுகாப்புக்காக" நீட்டுபவர்கள் உண்டு. சூடான ஆல்கஹால் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போகும் என்பதால் நீட்டுவதில்தான் ஆபத்து. எபாக்சி ரெசின்களில் எபான் வகை எத்தனாலோடு நன்றாகக் கலக்காது, ஆகவே இடையில் அசிட்டோன் இரண்டு முறை. ஸ்பர், எல்ஆர் ஒயிட் ஆகிய ரெசின்கள் எத்தனாலிலிருந்தே நேராகப் போகும். மேசை முறையில் (மைக்ரோவேவ் இல்லாத பழைய முறையில்) பலர் பயன்படுத்தும் புரோப்பிலீன் ஆக்சைடை மைக்ரோவேவுக்குள் கொண்டுவரவே வேண்டாம். 34 டிகிரியில் கொதித்துவிடும், தீப்பற்றவும் எளிது.

நேரம் உண்மையில் மிச்சமாவது ரெசினில்தான். மேசை முறையில் ஓர் இரவு எடுப்பதற்குக் காரணம் ரெசினின் பிசுபிசுப்பு. சூடேறினால் அது சட்டென்று இளகும். அசிட்டோனும் ரெசினும் சம அளவு கலந்து 250 வாட்டில் 3 நிமிடம், பிறகு முழு ரெசின் மூன்று முறை, ஒவ்வொன்றும் 250 வாட்டில் 3 நிமிடம், ஒவ்வொரு முறையும் புது ரெசின். முழு ரெசினுக்கு வெற்றிடம் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டோன் கலந்த படிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. 20 அங்குல வெற்றிடத்தில் மிஞ்சும் அழுத்தத்தில் தூய அசிட்டோன் 30 டிகிரிக்குள்ளேயே கொதிக்கும், கலவையிலும் நுரைத்துப் பொங்கி, துண்டுகள் குப்பிச் சுவரில் ஒட்டி உலர்ந்துபோக வாய்ப்புண்டு. தோல், தசைநாண் போன்ற கெட்டித் திசுவென்றால் முழு ரெசின் படியை ஒன்றிரண்டு கூட்டுங்கள். வாட்டைக் கூட்டுவது தவறான வழி, ஊடுருவும் முன்பே ரெசின் இறுகத் தொடங்கிவிடும்.

இறுக வைக்கும் படியை மைக்ரோவேவில் செய்வதானால் கேப்ஸ்யூல்களில் (சிறு அச்சுக் குப்பிகளில்) திசுவையும் ரெசினையும் நிரப்பி, மேலே பாராஃபிலிம் மூடி, தாங்கியில் நிறுத்தி, நீருக்கு அடியில் மூழ்க வையுங்கள். ரெசின் அலையைக் குறைவாகவே உறிஞ்சும். நீர் உறிஞ்சிச் சுற்றிலும் ஒரே வெப்பநிலையைத் தரும், ரெசின் இறுகும்போது தானே வெளிவிடும் வெப்பத்தையும் வாங்கிக்கொள்ளும். 60 டிகிரியில் 10 நிமிடம், 70இல் 10, 80இல் 10, 100இல் 45. ஆக ஒன்றேகால் மணி நேரம். கேப்ஸ்யூல் பாலிப்ரோப்பிலீனாக இருக்கட்டும், பாலிஎத்திலீன் வகை இந்தச் சூட்டில் இளகி வடிவம் கெடும். அவசர நோயறிதல் இல்லையென்றால் இந்த ஒரு படியை மட்டும் பழையபடி 60 டிகிரி அடுப்பில் 24 முதல் 48 மணி நேரம் விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. ரெசின் நிதானமாக இறுகிய பிளாக் வைரக் கத்திக்கு இணக்கமாக இருக்கும், நீங்களும் அந்த மாலை வீட்டுக்குப் போகலாம்.

படம் சரியில்லையென்றால் எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் துண்டின் விளிம்பையும் நடுவையும் ஒப்பிடுங்கள். விளிம்பு அழகாகவும் நடு மோசமாகவும் இருந்தால் துண்டு தடிமன், அல்லது ஆஸ்மியம் நடுவரை போகவில்லை. பிளாக்கைக் குறுக்கே வெட்டினால் நடுவில் வெளிறிய பகுதி வெறுங்கண்ணுக்கே தெரியும். நடுவும் விளிம்பும் ஒரே மாதிரி வெளிறி, சைட்டோபிளாசம் அரித்தெடுத்தது போலவும் சவ்வுகள் விட்டுவிட்டும் தெரிந்தால், சூடு மிஞ்சியிருக்கிறது அல்லது ஆல்கஹாலில் அதிக நேரம் கிடந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா ஊதி, உள்ளே வெறுமையாக இருந்தால் உடனே மைக்ரோவேவைக் குற்றம் சொல்லாதீர்கள். திசுவை எடுப்பதில் தாமதம், பஃபரின் சவ்வூடு அழுத்தம் தவறுதல் இரண்டும் இதே படத்தைத் தரும். மேசை முறையில் செய்த அதே திசுவிலும் ஊதியிருந்தால் கோளாறு அங்கேதான். ஒரே ஓட்டத்தில் சில குப்பிகள் நன்றாகவும் சில கெட்டும் வந்தால், பல்புப் பலகையை எடுத்து மறுபடி வரைபடம் பாருங்கள்.

வெட்டில் ஓட்டைகள் விழுவதும், திசு ரெசினை விட்டுப் பிய்ந்து வருவதும் ஈரம் மிஞ்சியதன் அடையாளம், இல்லையேல் ஊடுருவல் போதவில்லை. பிளாக் முழுதுமே ரப்பர் போல இருந்தால் ரெசின் கலவையின் விகிதத்தைப் பாருங்கள். இந்த ரெசின்களை மில்லியில் அளக்காமல் தராசில் எடை போட்டு எடுப்பதே நல்லது. திசு இருக்கும் இடம் மட்டும் மெத்தென்று இருந்து, சுற்றிலும் கடினமாக இருந்தால் உள்ளே கரைப்பான் தங்கிவிட்டது. ஊசி ஊசியான கறுப்புப் படிகங்கள் பெரும்பாலும் யுரேனைலால் வருபவை. உருண்டையான கறுப்புப் புள்ளிகள் லெட் சிட்ரேட் சாயமேற்றும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் உண்டானவை, மைக்ரோவேவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

தங்கத் துகள் கொண்டு ஆன்டிஜெனை (குறிப்பிட்ட ஒரு புரதம் போன்றதை) தேடும் வேலையென்றால் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. குளூட்டரால்டிஹைடை 0.1 முதல் 0.25 சதவீதத்துக்குள் வைத்து, 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடைச் சேர்த்து, ஆஸ்மியத்தை விட்டுவிட்டு, எல்ஆர் ஒயிட்டில் பதியுங்கள். எல்ஆர் ஒயிட் ஆக்சிஜன் பட்டால் இறுகாது, ஜெலட்டின் கேப்ஸ்யூலை விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். தாவரத் திசுவில் இடைவெளிகளில் காற்று அடைத்திருப்பதால் துண்டு மிதக்கும். அங்கே வெற்றிடம்தான் பாதி வேலையைச் செய்கிறது. மூழ்காத துண்டுக்கு எத்தனை வாட் கொடுத்தும் பயனில்லை.

கழிவைப் பிரித்து வையுங்கள்: காக்கோடிலேட்டில் ஆர்சனிக், யுரேனைலில் கதிரியக்கமும் கன உலோக நஞ்சும், ரெசினில் தோலைப் பாதிக்கும் சேர்மங்கள். மீந்த ஆஸ்மியத்தைச் சோள எண்ணெயில் ஊற்றிக் கறுக்கவிட்டால் செயலிழக்கும். இடுக்கி, உலோகச் சுருள், அலுமினியத் தாள் எதுவும் உள்ளே போகக் கூடாது.

எந்தத் திசுவாக இருந்தாலும் முதல் முறை ஒரே துண்டைப் பாதியாக அரிந்து, ஒன்றை மேசை முறையிலும் மற்றதை மைக்ரோவேவிலும் போடுங்கள். இரண்டையும் ஒரே உருப்பெருக்கத்தில் படமெடுத்து, மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகளையும் உட்கருச் சவ்வின் இரு கோடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குறிப்பேட்டில் ஒவ்வொரு படிக்கும் வாட், நிமிடம், கரைசலின் அளவு, தொடக்க வெப்பநிலை, முடிவு வெப்பநிலை ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். அடுத்த முறை வேறு கருவிக்கு மாறினால், அந்த இரண்டு வெப்பநிலைகளும் அதே அளவில் வரும்வரை வாட்டைக் கூட்டிக் குறைத்துக்கொண்டால் போதும்.